தாய்மாமன் படகுக்கு ஒரு புரொப்பெல்லர்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, என் கடையை ஒட்டிய டீக்கடை மேசையில் அந்தப் புரொப்பெல்லர் கிடந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்த அலுமினியம். மூன்று இறக்கை இருக்க வேண்டியது. ஒன்று அடியோடு போய்விட்டது, இன்னொன்று பாதியில் மடங்கிக் கிடந்தது. நடு ஓட்டையிலிருந்து கண்மாய்த் தண்ணீரும் கிரீஸும் கசிந்து, டீக்கடைக்காரர் விரித்திருந்த தினசரியை நனைத்துக்கொண்டிருந்தது.

சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று கருத்துச் சொன்னார்கள். மதுரையில் கருத்துச் சொல்ல யாரையும் அழைக்க வேண்டியதில்லை, ஒரு பொருளை மேசையில் வைத்தால் போதும். ஒரு கண்டக்டர் அதை ஏர்கூலர் ஃபேன் என்றார். பழக்கடைக்காரர் கரும்பு மெஷினில் இப்படி ஒன்று பார்த்திருப்பதாகச் சொன்னார். தேனி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கிணற்று மோட்டாரின் உள்சாமான், எங்கள் தோட்டத்தில் இதைவிடப் பெரிசு கிடக்கிறது என்று முடித்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். படகு மோட்டாரோடது என்று சொன்னேன். மொத்தக் கூட்டமும் சிரித்தது. வைகையில் தண்ணீர் வந்தால் சொல்லி அனுப்புவதாக கண்டக்டர் ஆறுதல் சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு போனார்.

அவர்களுக்குச் சிரிப்பு. எனக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தை பிறந்து முதல் முகூர்த்தத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார்ந்துதான் அந்தப் பிள்ளை காது குத்திக்கொள்ள வேண்டும். அந்த மடியை ஒரு கண்மாயின் அக்கரைக்கு, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது இந்தப் புரொப்பெல்லர்தான்.

குட்டியானையில் வந்த படகு

மதுரைக்காரனுக்குப் படகு எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவி செல்வியும் இதைத்தான் கேட்டாள். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

காதர் என் பள்ளிக்கூடத் தோழன். தெற்குவாசல் பக்கம் நட்டு போல்ட்டுக் கடை வைத்திருக்கிறான். நான் கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிறவன். இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடும் பைத்தியம் உண்டு. சமயநல்லூரைத் தாண்டிப் போனால் ஒரு பெரிய கண்மாய் இருக்கிறது. நல்ல மழை பெய்த வருஷத்தில் இக்கரையில் நின்றால் அக்கரை ஆள் எறும்பாகத் தெரிவார். மீன் குத்தகைக்காரர் எங்களுக்குப் பழக்கம். கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக் கெண்டைக் குஞ்சுகளாகப் பிடித்து அலுத்துப்போன ஒரு நாளில், நடுத்தண்ணீருக்குப் போனால்தான் மீன் என்று காதர் சொன்னான். நான் ஆமாம் என்றேன். அவ்வளவுதான், மண்டபத்திலிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றும், பின்னால் மாட்டும் பதினைந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றும் வந்து சேர்ந்தன.

குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி ஆரப்பாளையம் வழியாகக் கொண்டுபோனோம். படகு வண்டியைவிட நீளம். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, அண்ணே ராமேஸ்வரத்துக்கு இந்த ரூட்டு இல்லண்ணே என்றார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் எனக்குக் கேப்டன் என்று பெயர். வாயைத் திறந்து கூப்பிடாதவர்கள்கூட என்னைப் பார்த்ததும் துடுப்புப் போடுவதுபோல் கையை ஆட்டுவார்கள்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது. விடியற்காலையில் அந்தத் தண்ணீரில் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு பொட்டலம் வெண்பொங்கலைப் பிரித்து உட்கார்ந்திருந்த சுகத்தை எந்தக் கேலியும் கெடுத்ததில்லை.

பூங்கொடி கேட்டது

கண்மாயின் அக்கரையில் இருக்கும் கரைப்பட்டியில்தான் என் தங்கை பூங்கொடி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கல்யாணமாகி நெடுநாள் பிள்ளையில்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை, கட்டாத தொட்டில் இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் யாழினி பிறந்தாள். பேத்தியைப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

காதுகுத்துக்கு நாள் குறித்ததும் பூங்கொடி போன் செய்தாள். பந்தல், சாப்பாடு எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, சீரு கூடக் கொறைய இருக்கட்டும். நீ நேரத்துக்கு வந்துரு. ராசு அண்ணனும் வருது. நீ பிந்திட்டா அது மடியில உக்கார வச்சிருவாக. அதுவும் தாய்மாமன்தானேம்பாக. எனக்கு அப்படி இல்ல. அம்மா அப்பா இல்லாத எடத்துல நீதான் உக்காரணும்."

ராசு அண்ணன் எங்கள் பெரியப்பா மகன். லாரிகள் வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் எங்கு போனாலும் முதல் வரிசை நாற்காலி அவருக்குத்தான் என்று பிறவியிலேயே எழுதி வாங்கி வந்தவர். அவர் சீரை லாரியில், ட்ரம்செட்டோடு கொண்டுவரப் போகிறார் என்று செய்தி வந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஏதோ ஏறியது. லாரியோடு நான் எங்கே போட்டி போடுவது? அந்த நேரம் பார்த்துக் கரைப்பட்டிக்குப் போகும் சாலையில் பாலத்தை உடைத்துப் போட்டிருந்தார்கள். ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நான் யாரிடமும் கேட்கவில்லை. அன்று ராத்திரியே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிசைன் போட்டேன். படகின் முனையில் ஒரு காலை வைத்து, கூலிங்கிளாஸ் போட்டு நான். பின்னால் அலை. அந்த அலை நம் கண்மாய் அலை அல்ல, எங்கோ ஒரு பெருங்கடலின் அலை. மேலே பெரிய எழுத்தில்: "தண்ணீர் கிழித்து வருகிறது தாய்மாமன் சீர்!"

ஃபிளெக்ஸ் அடிக்கும் மெஷின் சொந்தமாக வைத்திருப்பவன் கோபத்தில் எதையும் யோசிக்கக் கூடாது. மறுநாள் அது கரைப்பட்டி முக்கில் கட்டப்பட்டுவிட்டது. இனிமேல் காரில் போய் இறங்க முடியாது.

பேனர் கட்டிய அந்த வாரமே, நானும் காதரும் தூண்டில் போடப் போன இடத்தில் தண்ணீருக்கடியில் ஒரு கருவேலங்கட்டை எங்களுக்காகக் காத்திருந்தது. டங் என்று ஒரு சத்தம். மோட்டார் அலறியது, படகு நின்றது. காதர் மோட்டாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு மிச்சப் பொங்கலைச் சாப்பிட்டான். நாங்கள் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். அந்தப் புரொப்பெல்லர்தான் டீக்கடை மேசைக்கு வந்தது.

கடை கடையாக

மதுரையில் கிடைக்காத சாமான் கிடையாது என்று சொல்வோம். புரொப்பெல்லர் தேடிப் போன நாளில்தான் அந்தப் பெருமை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

மோட்டார் ரீவைண்டிங் கடையில் போர்வெல் மோட்டாருக்குள் இருக்கும் இம்பெல்லரை எடுத்துக் காட்டி, இதுவும் தண்ணியத் தள்ளுறதுதானே என்றார்கள். ஃபேன் கடையில் நாலு இறக்கை போட்டால் காற்று அதிகம், அப்படியானால் தண்ணீரும் அதிகம் என்று கணக்குச் சொன்னார்கள். ஒரு லேத் பட்டறையில் இரும்பிலேயே வெட்டித் தருகிறேன், ஏழு தலைமுறைக்கு உடையாது என்றார் ஓனர். எடை எவ்வளவு வரும் என்று காதர் கேட்டான். அவர் பட்டறைக் கல்லைக் காட்டினார்.

இன்னொரு கடைக்காரர் எவர்சில்வரில் வாங்குங்கள், பளபளவென்று இருக்கும் என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. சீர்த்தட்டும் எவர்சில்வர், புரொப்பெல்லரும் எவர்சில்வர், பொருத்தமாக இருக்குமே. காதர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

கடைசியில் மீன் குத்தகைக்காரர் ஒரு போன் நம்பர் தந்தார். தூத்துக்குடியில் படகு மோட்டார் சாமான் விற்கும் கடை. எடுத்தது ஒரு பெண். குரலில் அவசரமே இல்லை. பின்னால் யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பளபளப்பு ஆசையைத்தான் முதலில் சொன்னேன். அந்த அம்மா சிரித்தார். கட்டை கிடக்கும் தண்ணீரில் எவர்சில்வர் போட்டால், அடிபடும்போது இறக்கை உடையாது, உள்ளே கியர் உடையும் என்று விளக்கினார். அலுமினியமோ, தான் உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். அப்புறம் வரிசையாகக் கேள்வி: எத்தனை குதிரைத்திறன், ஷாஃப்ட்டில் எத்தனை பல், பழையதில் என்ன எண் போட்டிருக்கிறது. காதர் டார்ச் அடித்துப் பார்த்து வாசித்தான். முதல் எண் அகலம். இரண்டாவது எண்ணுக்குப் பிட்ச் என்று பெயர். புரொப்பெல்லர் ஒரு சுற்றுச் சுற்றினால் திருகாணி மரத்தில் இறங்குவதுபோல் தண்ணீரில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்கிற கணக்கு அது. எங்கள் பழையதில் பத்து.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு வேகம் வேணுமா, இழுவை வேணுமா?" என்று கேட்டார் அந்த அம்மா. "பிட்ச் கூடினா வேகம். கொறைஞ்சா இழுவை. ரெண்டும் ஒண்ணா வராது. எவ்வளவு லோடு ஏத்துவீங்க?"

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சீரை முன்கூட்டி வெளியில் சொல்லும் வழக்கம் கிடையாது. எத்தனை தட்டு, என்ன நகை, எம்புட்டு அரிசி என்று சபையில் இறக்கும்வரை கமுக்கமாக வைத்திருப்போம். சொன்னால் கண்ணு பட்டுவிடும், அல்லது எதிராளி ஒரு தட்டுக் கூட வைத்துவிடுவார். செல்வி இதில் ரொம்பக் கண்டிப்பு. அவள் அப்போது கடையில் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிக்காரி என்றாலும் அந்நியப் பெண்மணி. செல்வி உதட்டில் விரலை வைத்தாள்.

நான் "மூணு ஆளும்மா, அம்புட்டுத்தான்" என்றேன்.

மூன்று பேருக்கு வேகமே எடுக்கலாம், பன்னிரண்டு பிட்ச் அனுப்புகிறேன் என்றார் அவர். லோடு ஏற்றுவதாக இருந்தால் எட்டு என்றும் ஒரு வார்த்தை போட்டு வைத்தார். காதர் எட்டே வாங்குவோம் என்று என் கையைச் சுரண்டினான். நான் கேட்கவில்லை. என் மனசு முழுவதும் அந்த ஃபிளெக்ஸ். தண்ணீர் கிழிக்க வேண்டாமா?

சோதனை ஓட்டம்

மாட்டுத்தாவணிக்கு பஸ்ஸில் வந்த பார்சலைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன். காதர் மாட்டினான். ஷாஃப்ட்டில் கிரீஸ், அப்புறம் புரொப்பெல்லர், வாஷர், நட்டு, நட்டு கழன்றுவிடாமல் ஒரு பின். நட்டு போல்ட்டுக் கடைக்காரன் கை, பார்க்கவே அழகாக இருந்தது.

நாங்கள் இருவர் மட்டும் ஏறினோம். காதர் கைப்பிடியைத் திருகியதும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. என் தொப்பி எங்கோ போய் விழுந்தது. நீர்க்காகங்கள் அலறிக்கொண்டு எழுந்தன. நான் எழுந்து நின்று, ஒரு காலைப் படகு முனையில் வைத்துப் பார்த்தேன். விழப்போனேன், காதர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

கரைக்கு வந்ததும், சீரையும் ஏற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றான். இன்னும் தேங்காயே வாங்கவில்லை, எதை ஏற்றுவது என்று நான் எகிறினேன். நாலு மூட்டை மணல் ஏற்றிப் பார்க்கலாமே என்றான். சீருக்குப் பதில் மணலா என்று செல்வி முகம் சுளித்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

மூணு ஆளு, ஒரு கெடா

அந்தக் காலையில் ஏற்றிய சீரை இப்போது சொல்லலாம், தோஷமில்லை. இருபத்தொரு தட்டு. பழம், பூ, வெல்லம், பலகாரம், பட்டு, பிள்ளைக்குக் குத்தும் கம்மல். ஒரு மூட்டை அரிசி. இரண்டு வாழைத்தார். ஒரு பித்தளை அண்டா. அண்டாவுக்குள் தேங்காய். பிறகு கெடா ஒன்று. அதன் கழுத்தில் மாலை, கொம்பில் மஞ்சள். பட்டுச்சேலை மேல் ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு செல்வி. அதைப் போடச் சொன்னது காதர். அது இல்லாமல் மோட்டாரைத் தொடமாட்டேன் என்று நின்றுவிட்டான்.

எல்லாம் ஏறியதும் படகின் விளிம்பு தண்ணீரை முத்தமிடுகிற தூரத்தில் இருந்தது. பாதிச் சீரைக் காரில் அனுப்பிவிடலாமா என்றான் காதர். மாமன் தனியாக, சீர் தனியாகப் போனால் அது சீர் இல்லை, பார்சல் என்று சொன்னேன். நல்ல வசனம்தான். சொன்ன நேரம் சரியில்லை.

மோட்டார் கிளம்பியது. படகு கிளம்பவில்லை. அதாவது கிளம்பியது, ஆனால் மூக்கைத் தூக்கவே இல்லை. பெரிய கியரில் சைக்கிளை வைத்துக்கொண்டு மேட்டில் மிதிக்கிற மாதிரி எஞ்சின் முக்கியது. கைப்பிடியை முழுதும் திருகினாலும் அதே முக்கல்தான். எதிர்க்காற்று வேறு. பின்பக்கம் புகையும், சூடான எண்ணெய் வாடையும். அக்கரையில் அய்யனார் கோயில் பந்தல் தெரிந்தது, ட்ரம்செட் கேட்டது. ராசு அண்ணன் வந்துவிட்டார்.

பாதித் தூரம் வருவதற்குள்ளேயே நல்ல நேரத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. இன்னும் இருக்கும் திறந்த தண்ணீரைத் தாண்டினால், கரையை ஒட்டி அகலமாக ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும். அதில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கம்பு ஊன்றித்தான் போக முடியும். இந்தப் பாரத்தோடு கம்பு ஊன்றினால் நாங்கள் அதிலேயே வேர் விட்டுவிடுவோம்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மோட்டாரைத் திட்டினேன். கெடாவைத் திட்டினேன். காதர் கைப்பிடியைத் தளர்த்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"மாப்ள, சீரா, மடியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

அவன் திட்டியிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. பூங்கொடியின் போன் குரல்தான் காதில் வந்து நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி பேசினாள்.

"அந்தத் திட்டுல ஒதுக்குங்க. நானும் சீரும் எறங்கிக்கிறோம். கம்மல மட்டும் எடுத்துக்கிட்டு நீங்க போங்க."

கண்மாய் நடுவே கருவேல மரங்கள் நிற்கும் ஒரு மண்திட்டு இருக்கிறது. படகு மண்ணில் உரசியதும் முதலில் குதித்தது கெடா. அப்புறம் செல்வி. மூவருமாகத் தட்டுகளையும் மூட்டையையும் அண்டாவையும் இறக்கினோம். மரத்தில் இருந்த பறவைகள் எல்லாம் எழுந்து எங்களுக்கு மேலே வட்டம் போட்டன. கட்டின பட்டோடு, கெடா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, தண்ணீருக்கு நடுவில் நின்ற செல்வியைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். போங்க, பராக்குப் பார்க்காதீங்க என்று அதட்டினாள்.

காதர் கைப்பிடியைத் திருகினான். வெறும் படகு, இரண்டு ஆட்கள், பன்னிரண்டு பிட்ச். தண்ணீர் கிழிந்தது ஐயா, நிஜமாகவே கிழிந்தது. ஆனால் ஒரு காலை முனையில் வைக்க எனக்குத் தோன்றவில்லை. சட்டைப்பையில் இருந்த கம்மலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

சபையில் வைத்த சீர்

ஆகாயத்தாமரையில் கம்பு ஊன்றி ஊன்றிக் கைகள் எரிந்தன. கரை எட்டுவதற்கு முன்பே நான் குதித்துவிட்டேன். இடுப்பளவு சேறு. புது வேட்டியில் பாதி கண்மாய் ஒட்டியிருந்தது. மேலே ஏறி வந்தபோது ட்ரம்செட் நின்றுவிட்டது. மொத்தச் சனமும் என்னையே பார்த்தது. முக்கில் ஃபிளெக்ஸில் கூலிங்கிளாஸோடு நிற்கும் நான் நல்ல வேளை அங்கிருந்து தெரியவில்லை.

அய்யனார் முன்னால் மணை போட்டிருந்தார்கள். அதில் ராசு அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஆசாரி ஊசியை எடுத்து வைத்திருந்தார். ஆனால் பிள்ளை ராசு அண்ணன் மடியில் இல்லை. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய யாழினியைப் பூங்கொடி தோளில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யார் கேட்டும் கொடுக்காமல் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் உடைந்தது.

அவள் மாமியார் முன்னால் வந்தார். ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற மனுஷி. வழக்கத்தில் ஒரு நூல் பிசக விடமாட்டார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சீர் எங்கே என்று கேட்டார். சபையில் சீர் வைக்காமல் மாமனை மணையில் உட்கார வைக்கும் வழக்கம் எங்கள் குலசாமிக்கு முன்னால் கிடையாது என்றும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நேரம் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் என்று பூசாரி நினைவூட்டினார்.

நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். பையில் கம்மல் மட்டும்தான் இருந்தது.

"அந்தா இருக்கு அத்தை" என்றாள் பூங்கொடி. அவள் கை என் தலைக்கு மேலே கண்மாயைக் காட்டியது.

எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். கண்மாய் நடுவில், திட்டின் ஓரம் நெடுக, எவர்சில்வர் தட்டுகள் வரிசையாக வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. ஒரு கோடியில் பித்தளை அண்டா. கருவேலங்கிளையில் இரண்டு வாழைத்தார்கள் தொங்கின. மறு கோடியில் ஆரஞ்சு ஜாக்கெட்டில் செல்வி, பக்கத்தில் மாலை போட்ட கெடா.

ஏன் அப்படிப் பரப்பினாய் என்று பிறகு அவளிடம் கேட்டேன். பிறந்த வீட்டுச் சீர் புதருக்குள் மறைந்து கிடக்கலாமா என்றாள். இன்னொரு நாள் கேட்டபோது, ஒரே இடத்தில் வைத்தால் கெடா பலகாரத்தில் வாய் வைக்கிறது, அதனால்தான் என்றாள். எது நிஜம் என்று அவளுக்கே வெளிச்சம்.

கரையில் பெண்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். மாமியார் நெற்றியில் கையைக் குவித்து, உதடு அசைய, கடைசித் தட்டுவரை எண்ணினார். நடுவில் ஒரு முறை விட்டுப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். தண்ணீர் மேல் கெடா கத்துவது லேசாகக் கேட்டது. அவர் கையை இறக்கினார்.

"சபை பாத்துருச்சு. சபை பாத்தா வச்ச மாதிரிதான். தண்ணிக்கு நடுவுல இருந்தா என்ன, தரையில இருந்தா என்ன? மாமன உக்காரச் சொல்லுங்க."

ராசு அண்ணன் மணையிலிருந்து எழுந்தார். என் வேட்டியைப் பார்த்து, என்னடா இம்புட்டுச் சேறு என்று தன் தோள் துண்டை எடுத்து என் முழங்காலைத் துடைத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. தங்கமோதிரங்களைக் கழற்றிப் பையில் போட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார். காதரைக் கூப்பிட்டுக்கொண்டு, செல்வியையும் சீரையும் கூட்டிவரச் சேற்றில் இறங்கிவிட்டார். அந்த மனிதரோடா நான் ஃபிளெக்ஸ் அடித்துப் போட்டி போட்டேன் என்று நினைத்துக்கொண்டே மணையில் உட்கார்ந்தேன்.

பூங்கொடி பிள்ளையை என் மடியில் வைத்தாள். யாழினி ஈர வேட்டியின் குளிர் பட்டதும் நெளிந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். சந்தன வாசனை. ஆசாரி கம்மலை வாங்கி மஞ்சள் தண்ணீரில் முக்கினார். முதல் காதில் ஊசி இறங்கியபோது அவள் போட்ட சத்தத்தில் ட்ரம்செட்டே தோற்றது. இரண்டாவது காதுக்கு நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்ததும் அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, முகத்தை என் நெஞ்சில் புதைத்துக்கொண்டு விம்மினாள். வேட்டி இன்னும் கொஞ்சம் நனைந்தது, இந்த முறை வெதுவெதுப்பாக.

காது குத்தியதும் பிள்ளையைத் தாய் கையில் கொடுத்துவிட வேண்டும். நான் இரண்டு கைகளாலும் தூக்கி நீட்டினேன். பூங்கொடி வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கட்டும்ணே" என்றாள். "கொஞ்ச நேரம் அவ அம்மா பொறந்த வீட்டுல இருக்கட்டும்."

நான் பிள்ளையை மறுபடி மடியில் இறக்கி, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.